மாமா தந்த திறப்பு

கேள்வி: ஐயா, 1989இல் பக்கத்து வீட்டு மாமா குடும்பத்தோடு ஜேர்மனிக்குப் போனபோது, அந்த வீட்டில் குடியிருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லித் திறப்பை அம்மாவிடம் கொடுத்தார். வாடகை கேட்கவில்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. நாங்கள்தான் ஓடு போட்டோம். மாமா காலமாகிவிட்டார். அவருடைய மகள் ஓகஸ்டில் வந்து வீட்டை விற்கப்போகிறாளாம். பத்து வருடம் இருந்தாலே போதும், நீண்ட காலம் ஆண்டதை வைத்து எங்கள் பெயரில் ஆட்சி உறுதி முடித்துவிடலாம் என்கிறார் கொழும்பில் இருக்கும் அண்ணன். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. எது நியாயம்?
– வாசகி, கொக்குவில்

பதில்: பிள்ளை, அண்ணன் சட்டத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார். 1871ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வருடம் என்கிறது, உண்மை. ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக நின்று ஆண்ட பத்து வருடம். அனுமதியோடு உள்ளே வந்தவர், எந்த நாளிலிருந்து தான் எதிராக நின்றேன் என்று வெளிப்படையாகக் காட்ட வேண்டும். வீட்டுக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். மாமாவின் பெயரில்தானே அம்மா கட்டி வந்திருப்பார்? அப்படியென்றால் அவரையே உரிமையாளராக ஏற்றதாகத்தானே ஆகும்? போதாக்குறைக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான போர்க்காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கென்றே 2016இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. உங்கள் விடயத்துக்கு அது பொருந்துமா என்பதைச் சட்டத்தரணி பார்க்கட்டும்.

நான் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். வழக்காளி இறந்து, மகன் வழக்காளியாகி, அவரும் நரைத்த பிறகும் முடியாத காணி வழக்குகளின் கோவைகளைத் தூசி தட்டியிருக்கிறேன். தவணைக்குத் தவணை படியேறப்போவது கொழும்பு அண்ணன் அல்ல, அம்மா.

சரி, வழக்கில் வெல்லலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாமா திறப்பைத் தந்தது அம்மாவை நம்பி. அவர் இறந்துவிட்டார் என்பதால் அந்தப் பேச்சு செத்துவிடாது.

ஆனால் அந்த மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆளில்லாத வீடுகளுக்கு இங்கே என்ன நடந்தது என்பது ஊருக்குத் தெரியும். கதவு போனது, நிலை போனது, வளை போனது. சில இடங்களில் அத்திவாரக் கல்லையும் கிளப்பிக்கொண்டு போனார்கள். இன்று விற்பதற்கு அவளுக்கு ஒரு வீடு இருக்கிறதென்றால், அது அம்மா இருந்ததால்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, இடையில் ஒரு பின்னேரம் தரகரோடு பேசித் தீர்த்துவிட்டுப் போகிற காரியமா இது?

ஆகவே அவள் விமானம் ஏறுமுன் கணக்கை எழுதி அனுப்புங்கள்: ஓடு, கிணறு இறைத்துக் கட்டியது, வரி, எல்லாம். வாடகையில்லாமல் இருந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். "பார்த்துத் தாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் அரைவாசிச் சொந்தம் அந்தச் சொல்லால்தான் முறிந்தது. தொகையைச் சொல்லுங்கள். வேறு வீடு பார்க்க ஒரு வருடம் கேளுங்கள். வாங்க வசதியிருந்தால் முதலில் உங்களிடம் விலை பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: தனியே இருக்கும் எனக்காகக் கனடாவிலிருந்து மகன் வந்து வீட்டுக்குள் கமரா பூட்டிவிட்டுப் போனான். சமைக்க வரும் பெண்ணுக்கு அது தெரியாது. சொன்னால் நின்றுவிடுவாளோ?
– வாசகர், சுன்னாகம்

பதில்: நின்றாலும் பரவாயில்லை, இன்றைக்கே சொல்லுங்கள். எந்த மூலையில் இருக்கிறது என்று கையால் காட்டுங்கள். குசினியில் இருப்பதைக் கழற்றச் சொல்லுங்கள். உங்களுக்குப் பயமென்றால் வாசலில் ஒன்று போதும்.