கையில் இருப்பது சூப்பர்மேனின் முதல் இதழா? அளவுகோலை எடுங்கள்

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். இங்கே ஒரு வீட்டில் நடந்த பழைய சாமான் விற்பனையில், சூப்பர்மேன் பச்சை நிறக் காரைத் தூக்கி நிற்கும் அட்டைப்படத்துடன் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழை 300 டாலருக்கு வாங்கினேன். அட்டையில் ஜூன் 1938, விலை 10 சென்ட் என்று உள்ளது. தாள் நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது. 500 டாலர் முன்பணம் கொடுத்தால், அட்டையில் நிறம் உதிர்ந்த இடங்களை நிரப்பித் தரச்சான்றும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணத்தையும் கொடுக்க வேண்டாம், இதழையும் கொடுக்க வேண்டாம். முதலில் அட்டையை அளந்து பாருங்கள். 1938இல் வந்த அசல் இதழ் ஏறத்தாழ ஏழே முக்கால் அங்குல அகலமும் பத்தரை அங்குல உயரமும் கொண்டது. உங்களுடையது பத்து அங்குல அகலமும் பதின்மூன்று அங்குலத்திற்கு மேற்பட்ட உயரமுமாக இருந்தால், அது சூப்பர்மேன் இதழ்களை வெளியிடும் டி.சி. நிறுவனம் 1974இல் ‘ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்னும் வரிசையில் வெளியிட்ட பெரிய அளவு மறுபதிப்பு.

அந்த மறுபதிப்புக்குத் தடித்த வெளியட்டை ஒன்று இருந்தது. அதற்குள் அசல் இதழின் முன்னட்டை, கதைகள், விளம்பரங்கள், பின்னட்டை ஆகிய அனைத்தும் அப்படியே அச்சிடப்பட்டிருந்ததால், வெளியட்டையைக் கழற்றி எறிந்துவிட்டால் எஞ்சுவது 1938 என்றும் 10 சென்ட் என்றும் தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு புத்தகம். அவ்வளவு சிரமப்பட்டு அச்சிட்டவர்கள் உள்ளட்டையின் முகப்பில் ‘மறுபதிப்பு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், ஐம்பது ஆண்டுகளாக இந்த ஏமாற்று நடந்திருக்காது. பேட்மேன் முதன்முதலில் தோன்றிய ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழ், ‘பேட்மேன்’ முதல் இதழ் போன்றவையும் இதே வரிசையில் வந்தவை என்பதால் அவற்றிலும் இதே கவனம் தேவை. பழுப்பை நம்பாதீர்கள்; 1974ஆம் ஆண்டின் மலிவுத் தாளும் இதற்குள் பழுப்பேறியிருக்கும்.

இதை விற்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை. “தாத்தாவின் பரணில் கிடந்தது, எனக்குக் காமிக்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். பொய்யை அட்டைப்படம் சொல்லிக்கொள்ளும். இணைய ஏலங்களில் அளவு தெரியாதபடி புத்தகத்தை மட்டும் தனியே படமெடுத்துப் போடுவார்கள். ஏலத் தளத்திடம் புகார் செய்தால், ஏலம் முடிந்து பணம் கைமாறிய பிறகு பதில் வரும்.

அளவு சரியாக இருந்தால் அசல்தானா என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல முடியாது. சாதாரண அளவிலேயே வந்த மறுபதிப்புகளும் உண்டு. 1976இல் இலவசமாகத் தரப்பட்ட ஒரு பதிப்பில் 16 பக்கங்களே இருக்கும். அசலில் அட்டை நீங்கலாக 64 பக்கங்கள். 1988இல் ஐம்பதாம் ஆண்டையொட்டி வந்ததில் விலை 50 சென்ட் என்றிருக்கும். ஆகவே அளவு பொருந்தினால் பக்கங்களை எண்ணுங்கள், விலையைப் பாருங்கள், பிறகு பூதக்கண்ணாடியால் அட்டைப்படத்தின் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். அச்சிலிருந்து மீண்டும் படமெடுத்து அச்சிட்டதில் அந்தக் கோடுகள் கூர்மையிழந்து தெரியும்.

இவை அனைத்தும் பொருந்தினால் மட்டுமே தரச்சான்று பற்றிப் பேச வேண்டும். காமிக்ஸ் இதழ்களின் நிலையை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும், ஃப்ளோரிடாவில் உள்ள சி.ஜி.சி. நிறுவனத்துக்கு நீங்களே உறுப்பினராகப் பதிந்து நேரடியாக அனுப்பலாம். இடையில் ஒருவர் தேவையில்லை. இதழின் மதிப்பு உயர உயரக் கட்டணமும் உயர்வது ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பார்க்கும் கண்ணும் புரட்டும் பக்கங்களும் ஒன்றுதானே.

நிறம் நிரப்புவதற்கு எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். பேனாவால் தொட்டாலும் அது பெரும்பாலும் ‘திருத்தப்பட்டது’ என்னும் ஊதா நிற அடையாளச் சீட்டையே பெற்றுத் தரும். திருத்தப்படாத இதழுக்குரிய நீலச் சீட்டோடு ஒப்பிட்டால் விலை பெரிதும் சரிந்துவிடும். இதே முதல் இதழின் பிரதி ஒன்று 2014இல் 32 இலட்சம் டாலருக்கும், இன்னொன்று 2024இல் 60 இலட்சம் டாலருக்கும் விற்ற செய்திகளைக் காட்டித்தான் இத்தரகர்கள் முன்பணம் கேட்கிறார்கள். உலகில் ஏறத்தாழ நூறு பிரதிகளே எஞ்சியுள்ளன என்று கணிக்கப்படுவதை அவர்கள் சொல்வதில்லை.

உங்களுடையது 1974ஆம் ஆண்டுப் பதிப்பு என்று தெரிந்தால், அளவுகோலை அதன்மேல் வைத்துப் படமெடுத்து, விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவர் மறுத்து, நீங்கள் அதை வேறொருவருக்கு விற்க நேர்ந்தால், வெளியட்டை இல்லாத மறுபதிப்பு என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.