விசுவல் ஸ்டூடியோவின் வியூ மெனுவில் ரிப்போர்ட் டேட்டா இல்லையா?

கொன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அறிக்கைக்கான தரவுகளைக் காட்டும் ரிப்போர்ட் டேட்டா பெட்டி திரும்ப வரும்.

சுன்னாகம் கிளையின் விற்பனை அறிக்கை விசுவல் ஸ்டூடியோவில் திறந்திருந்தும் வியூ மெனுவில் அந்தப் பெயரே இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் நீங்கள் கடைசியாகக் கிளிக் செய்தது, கோப்புகளைப் பட்டியலிடும் சொலூஷன் எக்ஸ்புளோரரில். டிசைன் பக்கத்தின் வெறுமையான இடத்தில் ஒருதரம் கிளிக் செய்துவிட்டு வியூவைத் திறந்து பாருங்கோ, அடியில் கிடக்கும். ஏன்தான் இப்படி ஒளித்து வைத்தார்களோ!

அப்பவும் வரவில்லையென்றால், அறிக்கையை ஓட்டிப் பார்க்கும் பிரிவியூவில் நிற்கிறீர்களா என்று பாருங்கள்; நின்றால் டிசைனுக்குத் திரும்புங்கள். தரவைக் குழுக்களாகப் பிரிக்கும் குரூப்பிங் பகுதியும் காணவில்லையென்றால் அது ரிப்போர்ட் மெனுவின் வியூவுக்குள்.

விண்டோ மெனுவின் ரீசெட் விண்டோ லேஅவுட்டைக் கடைசிக்கு வையுங்கள். அறிக்கைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நீங்கள் அடுக்கி வைத்த பெட்டிகளெல்லாம் இடம் மாறிவிடும்.