வாசகர் கேள்வி பதில்: இசை எந்த அளவுக்கு மருந்து?

கேள்வி: பக்கவாதம் வந்தபின் என் தந்தையால் 'தண்ணீர்' என்றுகூடக் கேட்க முடியவில்லை. ஆனால், தமக்குப் பிடித்த பழைய பாடல் ஒலித்தால் சொல் பிசகாமல் கூடவே பாடுகிறார். பாடவைத்தே அவருக்குப் பேச்சை மீட்டுவிட முடியுமா?

பதில்: தாங்கள் காணும் இந்த வியப்பு 18ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. பெரும்பாலோருக்குப் பேச்சை உருவாக்கும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் அமைந்துள்ளன. பாடுவதிலோ இரு பக்கங்களும் பங்கேற்கின்றன. அதோடு, பலமுறை பாடிப் பழகிய பாட்டின் வரிகள் ஒரே கோவையாக நினைவில் பதிந்திருப்பதால், ஒவ்வொரு சொல்லையும் புதிதாகத் தேடி எடுக்கும் வேலை அங்கே இல்லை. ஆகவே, பழைய பாடலைப் பாடுவதும் தமக்கு வேண்டியதைக் கேட்பதும் வெவ்வேறு திறன்கள். முன்னது இருப்பதால் பின்னது தானாக வந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்து, பிறகு மனம் உடைந்துபோகும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பயிற்சிக்குரிய காலத்தை அந்தக் காத்திருப்பே தின்றுவிடுகிறது.

இந்த இரு திறன்களையும் இணைப்பதற்காக, 1973ஆம் ஆண்டு பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகிய மூவரும் 'மெலடிக் இன்டொனேஷன் தெரபி' என்ற பயிற்சி முறையை வெளியிட்டார்கள். இதில் நோயாளி பழைய பாடலைப் பாடுவதில்லை. 'தண்ணீர் வேண்டும்' போன்ற அன்றாடத் தொடர் ஒன்றைப் பயிற்சியாளர் உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என இரண்டே சுரங்களில் மெதுவாக இசைக்க, நோயாளியும் அவருடன் சேர்ந்து இசைக்கிறார். ஒவ்வோர் அசைக்கும் அவருடைய இடக்கை ஒரு முறை தட்டப்படுகிறது. நாளடைவில் பயிற்சியாளர் தம் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து விலகிக்கொள்ள, இறுதியில் சுரமும் கரைந்து இயல்பான பேச்சாக அத்தொடர் நிற்க வேண்டும். 2011இல் தலையில் குண்டடிபட்டுப் பேச்சை இழந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸின் சிகிச்சையிலும் இசைக்கு முக்கியப் பங்கு இருந்தது. பலன் தருவது சுரமா, தாளமா, கைத்தட்டலா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. பழக்கிய தொடர்களில் முன்னேற்றம் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் புதிய தொடர்களில் தெரிவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறர் சொல்வது நன்கு புரிந்தும் பேச வராதவர்களுக்கே இது பெரிதும் பொருந்துகிறது. தந்தையார் அந்நிலையில் இருக்கிறாரா என்பதைப் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டி, தயவுசெய்து விரைவில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 432 ஹெர்ட்ஸில் அமைந்த இசை உடலின் அணுக்களைச் சீராக்கும் என்கிறார்களே?

பதில்: அதற்குச் சான்று இல்லை. இசைக்கருவிகளைச் சுருதி கூட்ட இன்று உலகெங்கும் வழங்கும் 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வுகள் என்ற அளவு, 1939இல் லண்டனில் கூடிய மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்டது. அதற்கு முன் ஊருக்கு ஊர் வெவ்வேறு சுருதிகள் இருந்தன. மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடு அது. அதிலிருந்து எட்டு எண் இறங்கினால் நோய் தீரும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை விட்டு விலகி நில்லுங்கள்.

கேள்வி: சடங்குகளில் முழவோசை கேட்டதும் சிலர் தம்மை மறந்து ஆடுகிறார்கள். அந்தத் தாளத்தை வீட்டில் ஒலிப்பதிவாகக் கேட்டால் அதே ஆன்மிக மாற்றம் கிடைக்குமா?

பதில்: தாளம் மூளையை நேரடியாக மயக்குகிறது என்ற கருத்து 1960களில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பிரெஞ்சு இசை ஆய்வாளர் கில்பர்ட் ரூஜே பல நாடுகளின் சடங்குகளை ஒப்பிட்டு, 1980இல் அதை வலுவாக மறுத்தார். ஓசை மட்டுமே காரணமாக இருந்தால் அதைக் கேட்பவர் அனைவரும் தம்மை மறக்க வேண்டும், அவ்வாறு நடப்பதில்லை. மொராக்கோவின் க்னாவா சடங்கு இதற்கு நல்ல சான்று. மூன்று நரம்புக் கருவியும் இரும்புச் சப்ளாக்கட்டைகளும் இரவு முழுவதும் முழங்கும் அச்சடங்கில், அழைக்கப்படும் ஒவ்வோர் ஆவிக்கும் தனி மெட்டு, தனி நிறம், தனிப் புகை உண்டு. தமக்குரிய மெட்டு வரும்போதுதான் ஒருவர் எழுந்து ஆடுகிறார். அருகிலேயே அமர்ந்து அந்த ஓசை முழுவதையும் தாங்கும் இசைக்கலைஞர் நிதானம் இழப்பதில்லை. இழந்தால் ஆடுபவரை யார் கரை சேர்ப்பது? துருக்கியின் மெவ்லவி சூஃபிகள் நெய் என்னும் குழலிசைக்குச் சுழன்றாடுகிறார்கள். அந்த மரபில் முழுமையாகச் சேர விரும்புபவர் 1001 நாள் மடத்தில் பணிசெய்து பழக வேண்டும் என்பது பழைய விதி. அந்த நாள்களை ஒலிப்பதிவு தரமுடியாது.

உடலளவில் நிகழும் ஒரு மாற்றத்தைத் தாங்களே உணரலாம். 2001இல் இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்தி தம் குழுவினருடன் செய்த ஆய்வில், ஜெபமாலையை இலத்தீனில் ஓதியபோதும் 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தை உச்சரித்தபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சீர்ப்படுத்தும் இயக்கமும் மேம்பட்டது. இரு வேறு சமயங்கள் ஒரே மூச்சளவை வந்தடைந்திருப்பது என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. ஆகவே, கேட்பதோடு நிறுத்தாமல் தாங்களே வாய்விட்டு ஓதுங்கள். முடிந்தால் பிறருடன் சேர்ந்து ஓதுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு விரைவில் அறுவைச் சிகிச்சை. மிகவும் அஞ்சுகிறார். எந்த இசையைக் கேட்கச் செய்யலாம்?

பதில்: புறநானூற்றின் 281ஆம் பாடலில், போரில் புண்பட்டவனைக் காக்க யாழும் பிற கருவிகளும் ஒலிக்க, மணியடித்துக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள். அந்தப் பரிவுக்கு இன்றைய மருத்துவமும் இடம் தருகிறது. 2015இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த, 73 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையின்படி, இசை கேட்ட நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தின் தேவையும் ஓரளவு குறைந்தது. எந்த வகை இசை, அறுவைக்கு முன்பா பின்பா என்பவற்றால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. ஆதலால் தாங்கள் தேடித் தேர்ந்தெடுப்பதைவிட, என்ன கேட்க விரும்புகிறார் என்று தாயாரிடமே கேளுங்கள். பாட்டுக் கேட்கும் காதுக்கருவி (ஹெட்ஃபோன்) அணிய அனுமதி உண்டா என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஒலி தாழ்வாகவே இருக்கட்டும். மருத்துவரும் செவிலியரும் சொல்வது தாயாருக்குக் கேட்க வேண்டும். 'பாட்டு கேட்கிறேனே, வலி மருந்து வேண்டாம்' என்று அவர் சொன்னால், அன்பாக மறுத்துவிடுங்கள். இசையை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள்.