திடப்படுத்தலுக்கு எந்த வேதாகமம் வாங்குவது?

கல்முனையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் மெதடிஸ்ட் சபை. மகனுக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் ஆராதனை) வருகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் கலியாணம் முடித்த என் தங்கச்சி, தோபித்து, மக்கபேயர் எல்லாம் உள்ள விவிலியத்தைப் பரிசாகக் கொடுக்கப் போகிறாள். தள்ளுபடி ஆகமம் (கத்தோலிக்க விவிலியத்தில் இருந்து, நம் வேதாகமத்தில் இல்லாத நூல்கள்) உள்ளதைப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

தங்கச்சி கொடுக்கட்டும், மகன் வாங்கிக்கொள்ளட்டும். அதோடு உங்கள் சபையில் வாசிக்கிற வேதாகமம் ஒன்றை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

இரண்டும் தேவைதான். தங்கச்சி கொடுக்கப்போவது பெரும்பாலும் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாக இருக்கும். உங்கள் சபையில் வாசிப்பது 1871ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பாக இருக்கும். பிள்ளை பாடமாக்கிய 23ஆம் சங்கீதமே இரண்டிலும் வேறு வேறு சொற்களில் வரும். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அவன் மட்டும் தடுமாறக் கூடாது. அந்த வயதில் அது பெரிய விஷயம்.

இனிப் பெரியவர்களின் பயத்துக்கு வருகிறேன். நானும் மட்டக்களப்பில் மெதடிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்தவள், மாமி வீட்டார் கத்தோலிக்கர். அதனால் இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். இந்த நூல்களை கத்தோலிக்கர் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் நம் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆதித் திருச்சபை கையில் வைத்திருந்த கிரேக்கப் பழைய ஏற்பாட்டிலேயே இவை இருந்தன. யூதரின் எபிரேயப் பட்டியலில் இல்லை என்பதால், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் தயங்கினார், அவர் காலத்து ஆயர் அகுஸ்தீன் ஏற்றுக்கொண்டார். 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரெண்ட் சங்கம் செய்தது, அந்தப் பழைய வழக்கத்தை உறுதியாக அறிவித்ததுதான்.

நம் பக்கத்து முன்னோர்களும் இவற்றை உடனே தூக்கி எறியவில்லை. புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1534இல் அச்சிட்ட முழு வேதாகமத்தில் இவை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் இருந்தன. வேதத்துக்குச் சமமானவை அல்ல, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று அவர் தலைப்பிலேயே எழுதினார். 1611ஆம் ஆண்டு ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில வேதாகமத்திலும் இருந்தன. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக ஆங்கிலிக்கன் பிரமாணங்களைச் சுருக்கியபோது இந்த நூல்களின் பட்டியலை விட்டுவிட்டார். மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பில் வந்து இறங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1826இல், பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடும் வேதாகமங்களுக்கு இனிப் பணம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. நம் வீடுகளில் 66 நூல் வேதாகமம் மட்டுமே புழங்கியதற்கு அந்த முடிவு ஒரு முக்கியமான காரணம். இதைப் பெரியவர்களுக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். நிறையப் பேருக்கு இது தெரியாது.

அப்புறம், உள்ளே என்னதான் இருக்கிறது? தோபித்தை நம் ஊர்க்காரர் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பேன். நினிவேக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு மனிதர். தெருவில் கொன்று போடப்பட்ட தன் இனத்தவரின் உடல்களை எடுத்து அடக்கம் செய்கிறார். அதற்காக அரசன் அவரைக் கொல்லத் தேடுகிறான், சொத்தெல்லாம் போகிறது. திரும்பி வந்த பிறகும், திருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் ஒரு பிரேதம் கிடக்கிறது என்று கேட்டதும் தட்டைத் தொடாமலே எழும்பிப் போகிறார். இவனுக்கு இன்னும் பயம் வரவில்லையா என்று அயலவர் சிரிக்கிறார்கள். யுத்த காலத்தையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் பார்த்த கரையில் இருந்துகொண்டு இந்த அதிகாரங்களை என்னால் சாதாரணமாக வாசித்துக் கடக்க முடியவில்லை. பாண்டிருப்பிலும் நாவலடியிலும் யாரென்றே தெரியாதவர்களை எடுத்து அடக்கம் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் செய்தது என்னவென்று கடவுள் கண்டார் என்று சொல்கிற ஒரு நூலைப் பிள்ளைக்கு ஏன் மறைக்க வேண்டும்?

இவற்றில் இன்னொரு நூலான சீராக்கின் 38ஆம் அதிகாரமும் அப்படித்தான். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்து நிலத்திலிருந்து ஆண்டவர் தந்தது என்கிறது, நோய் வந்தால் ஜெபமும் பண்ணு, வைத்தியரையும் வரவிடு என்கிறது. ஜெபித்துவிட்டோம், இனி இன்சுலின் வேண்டாம் என்று சொல்லும் கூட்டங்கள் நடக்கிற காலத்தில் இதை ஆலயத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதே சீராக் பெண்களைப் பற்றிச் சொல்லும் சில வரிகள் மிகக் கடுமையானவை. அவற்றை நான் ஏற்பதில்லை. இதே வரிசையில் உள்ள யூதித்து நூலின் முதல் வசனம் பாபிலோன் அரசன் நெபுகத்நேச்சாரை அசீரியருக்கு அரசன் என்கிறது. மகன் இதைக் கவனித்துக் கேட்டால், வரலாறாக அல்ல, கதையாக வாசிக்க வேண்டியது என்று பலர் கருதுகிறார்கள் எனச் சொல்லிக் கொடுங்கள்.

உண்மையில் சண்டைக்குக் காரணம் 2 மக்கபேயர் 12. போரில் இறந்தவர்களின் பாவத்துக்காக யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபே காணிக்கை சேர்த்து எருசலேமுக்கு அனுப்பியதை அது நல்ல செயல் என்று புகழ்கிறது. இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதற்குக் கத்தோலிக்கர் காட்டும் இடங்களில் இது முக்கியமானது. நம் சபை அதைப் போதிப்பதில்லை. நவம்பர் 2ஆம் திகதி தங்கச்சி வீட்டார் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது மகன் பக்கத்தில் நிற்பான், செத்தவீடுகளில் இரண்டு விதமான ஜெபத்தையும் கேட்பான். நாம் ஏன் அப்படிச் செய்வதில்லை என்று ஒருநாள் கேட்கத்தான் போகிறான். அந்த இடத்தைத் திறந்து வைத்து, அவர்கள் இதை இப்படி எடுக்கிறார்கள், நாம் உபதேசத்துக்கு இந்த நூலை ஆதாரமாக எடுப்பதில்லை என்று காட்டினால் அவனுக்கு விளங்கும். புத்தகத்தை ஒளித்து வைத்தால் இந்தப் பேச்சே நடக்காது.

பெரியவர்கள் அப்போதும் சமாதானம் ஆகாவிட்டால் பொருளடக்கத்தைத் திறந்து காட்டுங்கள். பொது மொழிபெயர்ப்பில் இவை மற்ற நூல்களோடு கலந்து கிடக்கவில்லை. மலாக்கிக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் 'இணைத் திருமுறை நூல்கள்' என்று தனிப் பகுதியாக, லூத்தர் வைத்த அதே இடத்தில் இருக்கின்றன.

மகனுக்கு வாசிக்கத் தொடங்க நல்ல இடம் 1 மக்கபேயரின் முதல் நான்கு அதிகாரங்கள். எருசலேம் கோயில் எப்படித் தீட்டானது, எப்படி மீட்டுத் திரும்ப அர்ப்பணித்தார்கள் என்பது அதில் இருக்கிறது. முடித்ததும் யோவான் 10:22ஐ எடுக்கச் சொல்லுங்கள். இயேசு எருசலேமில் நிற்பது அந்த அர்ப்பணிப்பின் திருவிழாவில்தான்.