படம் காட்டுகிறார்களா?

கேள்வி: அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் புற்றுநோய். தாடையில் ஒரு பகுதியை அகற்றிவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்கப்போகிறார்களாம். மருத்துவர் அப்பாவின் தாடையை கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டினார், பிளாஸ்டிக் மாதிரி ஒன்றையும் கையில் கொடுத்தார். இதெல்லாம் தேவையா, சும்மா படம் காட்டுகிறார்களா?

பதில்: படம்தான் காட்டுகிறார்கள், ஆனால் நீங்கள் சொல்கிற அர்த்தத்தில் இல்லை. எடுக்கப்போவது கெண்டைக்கால் பக்கம் இருக்கும் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பு. 1989 முதலே தாடைக்கு அதை வைக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் அது நேராக இருக்கிறது, தாடையோ வளைந்தது. அதனால், கூடவே வரும் ரத்தக்குழாய்க்குச் சேதம் வராமல் எலும்பை மட்டும் சாய்வாக இரண்டு மூன்று துண்டாக வெட்டி வளைவுக்குப் பொருத்த வேண்டும். முன்பெல்லாம் இதை ஆபரேஷன் மேஜையிலேயே கண்ணளவாகச் செய்தார்கள். இப்போது சிடி ஸ்கேன் அடுக்குகளைச் சேர்த்து உருவமாக்கி, எந்தக் கோணத்தில் எங்கே வெட்டுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து, ரம்பம் வழிதவறாமல் இருக்க, எலும்பின் மேல் பொருத்தும் அச்சு ஒன்றையும் முப்பரிமாணத்தில் அச்சடித்து வைத்துக்கொள்கிறார்கள். டைட்டானியம் தகட்டை அந்த பிளாஸ்டிக் மாதிரியின் மேலேயே வளைத்துக்கொள்ளலாம். பற்கள் சரியாகக் கடிபட இந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கெல்லாம் முக்கியம். காலுக்கும் ஸ்கேன் எடுப்பார்கள், ஏனென்றால் சிலருக்குப் பாதத்துக்கு ரத்தம் போவதே அந்த எலும்பை ஒட்டிய குழாயால்தான். அவர்களிடம் அதை எடுக்க முடியாது.

ஆனால் ஒன்று, இந்தப் படம் எலும்பில்தான் கெட்டி. நாக்கு, தொண்டைச் சதை எல்லாம் வாயைத் திறந்தாலே இடம் மாறிவிடும், முக நரம்பின் கிளைகள் சாதாரண சிடியில் தெரியாது, பல்லில் உலோக அடைப்பு இருந்தால் சுற்றிலும் கோடுகோடாக விழும். அப்புறம், புற்றுநோய் நமக்காகக் காத்திருக்காது. ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விழுந்தால், திட்டமிட்ட வெட்டுக்கோட்டைத் தாண்டி அது வளர்ந்திருக்கலாம். அப்படி ஆனால் அச்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பழையபடி கண்ணையும் கையையும் நம்ப வேண்டியதுதான். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது இரண்டு: திட்டம் எந்தத் தேதி ஸ்கேனை வைத்துப் போட்டது? உள்ளே கூடுதலாக வெட்ட வேண்டிவந்தால் மாற்று ஏற்பாடு என்ன?

கேள்வி: ரோபோ ஆபரேஷனிலும் முப்பரிமாணம் என்கிறார்களே, இதுவும் அதுவும் ஒன்றா?

பதில்: வேறு வேறு. அது நேரலை. டாவின்சி என்ற ரோபோ கருவியில், உள்ளே விடும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் அனுப்புவதால் தொண்டைக்குள் ஆழம் தெரிகிறது. அமெரிக்காவில் 2009-இல் தொண்டைக் கட்டிகளுக்கு அதைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. உங்கள் அப்பாவின் தாடைக்குச் செய்வது, முன்பே பார்த்துக்கொள்ளும் ஒத்திகை.