கொரங்காட்டில் செம்மறி எதை மேயும்?

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொரங்காடுகளில், அதாவது வேலியடைத்துப் புல்லும் மரமும் வளர்க்கும் மேய்ச்சல் காடுகளில், பட்டி வைத்திருப்பவர்கள் கேட்டவை.

கே: கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் நிற்கிறது. ஆடுகள் அதைச் சட்டை செய்யாமல் தரையை மோந்துகொண்டு திரிகின்றனவே?

ப: புல்லை விலக்கி அடியில் பாருங்கள். நரிப்பயத்தங்கொடியோ செப்பு நெருஞ்சியோ படர்ந்திருக்கும். இரண்டும் பயறு இனம், புல்லைவிடப் புரதம் அதிகம். செம்மறிக்குக் குறுகிய வாய், நடுவில் பிளந்த மேலுதடு. புல்லுக்கு நடுவே இருக்கும் ஒற்றை இலையைக்கூடப் பொறுக்கி எடுத்துவிடும். மாட்டுக்கு அது வராது; நாக்கைச் சுழற்றிக் கொத்தாக இழுக்கும். கதிர் வந்த புல்லிலும் செம்மறி இலையை உருவிக்கொண்டு தண்டை விட்டுவிடும். மிஞ்சிய தண்டை மாடு தின்னும். இரண்டையும் சேர்த்து மேய்க்கும் பழைய வழக்கம் சும்மா வந்ததல்ல.

கே: ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்?

ப: ஈரம் நீக்கிய கணக்கில், உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம். 25 கிலோ எடையுள்ள மேச்சேரி இனச் செம்மறி என்றால் பச்சையாக 3, 4 கிலோ.

கே: கோடையில் புல் காய்ந்தபின்?

ப: வெள்வேல் காய் உதிரும் காலம் அது. மரத்தடியை விட்டு ஆடு நகராது. காய்ந்த புல்லில் இல்லாத புரதத்தை அந்தக் காய் ஈடுகட்டும். சீமைக்கருவேலங்காயும் இனிப்பாக இருப்பதால் விரும்பித் தின்னும். ஆனால் விதை புழுக்கையோடு விழுந்து காடெல்லாம் முளைக்கும். அதை நான் ஊக்குவிப்பதில்லை.

கே: மழைக்குப் பின் இளம்புல் மேய்ந்த கொழுத்த குட்டி, காலையில் செத்துக் கிடந்தது. விஷப்புல்லா?

ப: துள்ளுமாரி நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம், கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வறண்டதைத் தின்று பழகிய வயிற்றுக்குத் திடீரெனக் கொழுத்த தீனி கிடைத்தால், குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். நன்றாகத் தின்னும் குட்டிதான் முதலில் போகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். துளிர் கண்டதும் விடாமல், சில வாரம் படலைச் சாத்தி வையுங்கள். புல்லின் தூரும் பிழைக்கும். அப்புறம் விடும்போதும் முதல் சில நாள் கொஞ்சம் காய்ந்த சோளத்தட்டு கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

கே: விடியலிலேயே ஓட்டிவிடலாமா?

ப: பனி காயட்டும். ஈரப்புல்லின் நுனிக்குக் குடற்புழுவின் இளம்புழு ஏறி நிற்கும்.

கே: மழையில்லாமல் வாடிய இளஞ்சோளக் காட்டில் விடலாமா?

ப: கூடவே கூடாது. அதில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். நின்ற இடத்திலேயே ஆடு விழும்.