வேறு கல்லூரியில் வாங்கிய மோசமான கிரேடை மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா? வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், ஒரே கவலையைச் சுற்றி வந்தவற்றை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். எல்லாமே எப்போதோ வேறொரு கல்லூரியில் வாங்கிய கிரேடு பற்றியவை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: முதல் வருடம் முடிந்த கோடை விடுமுறையில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் மூன்று பாடம் எடுத்தேன். கெமிஸ்ட்ரியில் சி, கால்குலஸில் டி, இங்கிலீஷில் பி. அந்த கிரெடிட்டை என் யுனிவர்சிட்டிக்கு மாற்றவே இல்லை. இரண்டு பாடத்தையும் இங்கே மறுபடி எடுத்து நல்ல கிரேடு வாங்கிவிட்டேன். ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 3.70. அந்தக் காலேஜை விண்ணப்பத்தில் போடாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

போட்டே ஆக வேண்டும், தம்பி. இதில் இரண்டாவது வழி கிடையாது.

இங்கே டாக்டர் ஆவதற்கான எம்.டி. படிப்புக்கு விண்ணப்பம் பெரும்பாலும் அமெரிக்க மெடிக்கல் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் 'ஆம்காஸ்' என்ற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான் போகிறது. ஒரு கல்லூரியில் ஒரே ஒரு பாடத்துக்குச் சேர்ந்திருந்தாலும் அந்தக் கல்லூரியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது ஆம்காஸின் விதி. கிரெடிட் கிடைத்ததா, யுனிவர்சிட்டிக்கு மாற்றினீர்களா என்பதெல்லாம் கணக்கில்லை. அமெரிக்கக் கல்லூரி ஒவ்வொன்றிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் (பாடங்களும் கிரேடுகளும் உள்ள அதிகாரபூர்வப் பதிவு) நேராக ஆம்காஸுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் எண், பெயர், கிரெடிட், கிரேடு எல்லாவற்றையும் நீங்களே டைப் செய்கிறீர்கள். அங்கே ஒருவர் அதை டிரான்ஸ்கிரிப்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

ஜிபிஏ என்ன ஆகும் என்றுதான் உள்ளுக்குள் பயம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். யுனிவர்சிட்டியில் 110 கிரெடிட், 3.70 என்றால் 407 புள்ளி. கோடையில் எடுத்தவை: கெமிஸ்ட்ரி 4 கிரெடிட் சி, அதற்கு 8, கால்குலஸ் 4 கிரெடிட் டி, அதற்கு 4, இங்கிலீஷ் 3 கிரெடிட் பி, அதற்கு 9. ஆக 11 கிரெடிட்டுக்கு 21 புள்ளி. மொத்தம் 428-ஐ 121-ஆல் வகுத்தால் 3.54. இதைவிட உறுத்துவது அறிவியல்-கணித ஜிபிஏ. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணிதம் நான்கையும் ஆம்காஸ் தனியாகக் கணக்கிடும். யுனிவர்சிட்டியில் அவற்றில் 50 கிரெடிட், 3.60 என்று வைத்துக்கொண்டால், அந்த 8 கிரெடிட் சேர்ந்ததும் அது 3.31-க்கு இறங்கிவிடும். மறுபடி எடுத்த பாடம் பழையதை அழிக்காது. இரண்டும் கணக்கில் வரும்.

இறக்கம் பெரிதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023-24-இல் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77. ஆனால் சராசரி என்றாலே அதற்குக் கீழேயும் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அது மட்டுமில்லை, அட்மிஷன் கமிட்டிக்குப் போகும் ஜிபிஏ அட்டவணை வருடவாரியாகப் பிரிந்திருக்கும். முதல் வருடம் சறுக்கி, இரண்டாம் வருடம் எழுந்து, மூன்றாம் வருடம் ஓடியவரை அந்த அட்டவணையிலேயே பார்த்துவிடலாம். அதே கெமிஸ்ட்ரியில் அடுத்து ஏ வாங்கியிருப்பதும் விண்ணப்பத்தின் பாடப் பட்டியலில் இருக்கும். உங்களுக்காகப் பேசப்போகும் சாட்சி அதுதான். பழையதை மறைத்தால் இந்த முன்னேற்றத்தையும் சேர்த்தே மறைக்கிறீர்கள்.

யாருக்குத் தெரியும் என்று கேட்டீர்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை மாணவர் சேர்க்கை விவரத்தை நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற தகவல் மையத்துக்கு அனுப்புகின்றன. ஃபெடரல் உதவித்தொகை வாங்கியிருந்தால் அதற்கும் தடம் உண்டு. முரண்பாடு தெரிந்தால் ஏஏஎம்சி விசாரித்து, நீங்கள் விண்ணப்பித்த எல்லாக் கல்லூரிகளுக்கும் அறிக்கை அனுப்பும். சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தாலும் வெளியே அனுப்பலாம்.

பிடிபடுவோம் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. தவறான டோஸ் கொடுத்த டாக்டர் அதை அன்றைக்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நோயாளியின் உயிரே போகலாம். அந்தப் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கலாமா என்றுதான் கமிட்டி பார்க்கிறது. டி வாங்கியவரை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். டி-யை மறைத்தவர் என்று தெரிந்தபின் சேர்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்காது.

கேள்வி: என் மகள் ஒரு கல்லூரியில் இரண்டு பாடத்துக்குப் பணம் கட்டி, உடம்பு சரியில்லாமல் இடையில் விலகிவிட்டாள். கிரேடே இல்லை, விலகியதைக் குறிக்கும் டபிள்யூதான். அதையும் சொல்ல வேண்டுமா?

ஆமாம் அம்மா. எல்லாமே டபிள்யூ என்றாலும் அந்தக் கல்லூரியைக் குறிப்பிட வேண்டும், டிரான்ஸ்கிரிப்டும் போக வேண்டும். வெறும் டபிள்யூ ஜிபிஏ-வில் சேராது. 'வித்ட்ரா ஃபெயில்' என்று இருந்து, அந்தக் கல்லூரி அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டால் அது எஃப் கணக்கு. செமஸ்டர் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, பாடம் மாற்றும் கெடுவுக்குள் விட்டுவிட்டாள் என்றால் பதிவே இல்லாமல் இருக்கலாம். ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் கேட்டு, பதில் எழுத்தில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் டூயல் என்ரோல்மென்டில் (ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிப்பது) எடுத்த கால்குலஸில் சி. அப்போது எனக்குப் பதினாறு வயது. அதுவுமா?

அதுவும்தான். அது கல்லூரிப் பாடம், கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறது. ஆம்காஸ் அட்டவணையில் 'ஹைஸ்கூல்' என்று தனி வரியில் வரும், அதனால் எந்த வயதில் எடுத்தது என்பது படிப்பவருக்குத் தானே புரியும். விளக்கம் எழுதத் தேவையில்லை.

கேள்வி: அந்த மோசமான செமஸ்டர் பற்றி எங்கே, எவ்வளவு எழுதுவது? பர்சனல் ஸ்டேட்மென்டில் பாதிக்கு மேல் அதுவே நிரம்பிவிட்டது.

பாதிக்கு மேலா? எடுத்துவிடுங்கள். பர்சனல் ஸ்டேட்மென்டுக்கு இடைவெளியெல்லாம் சேர்த்து 5,300 எழுத்துதான் அனுமதி. அது நீங்கள் ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்று சொல்லும் இடம். அதில் மூவாயிரம் எழுத்துக்கு மன்னிப்புக் கேட்டால், படிப்பவர் மனதில் நிற்பது அந்த சி மட்டும்தான்.

கிரேடைக் காட்டுவது கட்டாயம். விளக்குவது கட்டாயமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நிறையப் பேர் அல்லாடுகிறார்கள். ஒரே ஒரு சி, அதற்குப் பிறகு எல்லாம் ஏ என்றால் பேசாமல் விட்டுவிடுங்கள். ஒரு செமஸ்டரே சரிந்திருக்கிறது, அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது என்றால், ஒவ்வொரு கல்லூரியும் தனியாக அனுப்பும் செகண்டரி விண்ணப்பத்தில் பாருங்கள். 'உங்கள் படிப்புப் பதிவில் விளக்க வேண்டியது உண்டா?' என்று பல கல்லூரிகள் கேட்கும். அந்த இடம் இதற்காகவே இருப்பது.

எப்படி எழுதுவது? என்ன நடந்தது, என்ன மாற்றினீர்கள், பிறகு என்ன ஆனது. அவ்வளவு போதும். இப்படி:

"2022 கோடையில் வாரம் நாற்பது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே மூன்று பாடங்கள் எடுத்தேன். கெமிஸ்ட்ரியில் சி, கால்குலஸில் டி வந்தன. என்னால் முடிவதைவிட அதிகம் ஏற்றுக்கொண்டது என் முடிவு. அடுத்த செமஸ்டரில் வேலையைப் பத்து மணி நேரமாகக் குறைத்தேன். இரண்டு பாடங்களையும் மறுபடி எடுத்து ஏ, ஏ மைனஸ் வாங்கினேன். அதன்பின் எடுத்த அறிவியல் பாடங்கள் எதிலும் பி-க்குக் கீழே போகவில்லை."

இதில் புரொபசர் மேல் பழி இல்லை. அழுகை இல்லை. 'என் முடிவு' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்தப் பத்தியையும் தாங்குவது அந்த வாக்கியம்தான். நோய், வீட்டில் மரணம் போன்ற காரணம் என்றால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள், ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு இன்டர்வியூவில் கேட்டால் இதையே, இதே அளவுக்குச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு வருடம் இன்ஜினியரிங் படித்தேன், நான்கு அரியர். அதோடு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, இங்கே பயாலஜி முடித்தேன். அந்த அரியர் இங்கே கணக்கில் வருமா?

கல்லூரியின் பெயரையும் படித்த காலத்தையும் ஆம்காஸில் குறிப்பிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரி அந்தப் பாடங்களுக்கு கிரெடிட் கொடுக்காதவரை அந்த மார்க்கெல்லாம் ஆம்காஸ் ஜிபிஏ-வில் சேராது. வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்டையும் ஆம்காஸ் வாங்குவதில்லை. ஆனால் மெடிக்கல் ஸ்கூல் தனியாக மார்க் ஷீட் கேட்கலாம், அதனால் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டையும் கையில் வைத்திருங்கள். ஊரில் இருக்கும் தம்பி, தங்கையை அலையவிட்டு வாங்குவதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும்.

அப்புறம் ஒன்று. அரியர் என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. கேட்டால், 'தேர்ச்சி பெறாத பாடம், பின்னால் எழுதித் தேறலாம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயதில் வீட்டார் சொல்லிச் சேர்ந்த படிப்பு ஒத்துவரவில்லை என்பது யாருக்கும் புரியக்கூடிய விஷயம்தான்.

கேள்வி: முன்பு படித்த கல்லூரியில் ஒரு செமஸ்டர் அகாடமிக் புரொபேஷனில் (கிரேடு குறைந்ததால் கல்லூரி வைக்கும் கண்காணிப்பில்) இருந்தேன். டிரான்ஸ்கிரிப்டில் அது இல்லை. சொல்ல வேண்டுமா?

இது கிரேடைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. கல்லூரி உங்கள் மேல் எப்போதாவது நடவடிக்கை எடுத்ததா என்று ஆம்காஸ் தனியாகக் கேட்கிறது. ஒழுக்க மீறல் மட்டுமில்லை, படிப்பு சரியில்லாததால் எடுத்த நடவடிக்கையும் அதில் அடக்கம். பதிவில் இல்லாவிட்டாலும், பதிவிலிருந்து நீக்கப்பட்டிருந்தாலும் 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டும். விளக்க 1,325 எழுத்து வரை இடம் உண்டு. முதலில் அந்தக் கல்லூரிக்கு எழுதி, உங்கள் மேல் என்ன நடவடிக்கை இருந்தது, எந்தத் தேதி என்று கேட்டு வாங்குங்கள். அட்வைசர் அனுப்பிய வெறும் எச்சரிக்கை மெயிலை புரொபேஷன் என்று நினைத்துப் பயப்படுபவர்களும் உண்டு, நிஜமான புரொபேஷனை வெறும் மெயில் என்று நினைத்து விட்டவர்களும் உண்டு.

விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு இப்படி ஏதாவது நடந்தால், நீங்கள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்குப் பத்து வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: டி.ஓ. (ஆஸ்டியோபதி வழி டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கான விண்ணப்ப முறையான ஏகோமாஸ் வழியாகப் போட்டால் பழைய கிரேடு மறைந்துவிடும் என்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படி இருந்தது. மறுபடி எடுத்த கிரேடு பழையதற்குப் பதிலாக நிற்கும் அந்த முறை 2017-இல் நின்றுபோனது. இப்போது அங்கேயும் எல்லா முயற்சியும் கணக்கில் வரும், எல்லாக் கல்லூரியையும் சொல்ல வேண்டும். டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும் 'அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட்' என்று ஒரு மாநிலச் சட்டம் உண்டு, பத்து வருடத்துக்கு முந்தைய பாடங்களை ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒதுக்கினால் நல்ல கிரேடும் சேர்ந்தே போகும், யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: மகன் ஒரு கம்யூனிட்டி காலேஜில் எஃப் வாங்கியதை எங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போதுதான் தெரிந்தது. கல்லூரி ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? இதை விண்ணப்பத்தில் விட்டுவிடலாமா என்று அவன் அம்மா கேட்கிறாள்.

கல்லூரி சொல்லாததற்குக் காரணம் 1974-ஆம் வருடத்து 'ஃபெர்ப்பா' சட்டம், ஐயா. பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அவனுடைய பதிவுகள் மேல் உரிமை அவனுக்குத்தான். ஃபீஸ் கட்டுவது நீங்களாக இருந்தாலும் அவன் சம்மதம் இல்லாமல் கிரேடைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கல்லூரிக்கு இல்லை.

அம்மாவிடம் நான் சொல்ல விரும்புவது: உங்களிடம் சொல்லப் பயந்துதான் அவன் ஒரு தடவை மறைத்தான். இப்போது நீங்களே மறைக்கச் சொன்னால், விண்ணப்பத்தின் கடைசியில் 'எல்லாம் உண்மை, முழுமையானது' என்று அவன் கையெழுத்துப் போடும்போது அது அவன் தலையில்தான் விழும். திட்ட வேண்டியது இருந்தால் இன்றைக்கே திட்டி முடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எம்கேட் நுழைவுத் தேர்வு ஸ்கோரை மட்டும் இழுக்காதீர்கள். நாளைக்கு அவனோடு உட்கார்ந்து அந்த எஃப்-ஐயும் சேர்த்து ஜிபிஏ போடுங்கள். வரும் எண்ணைப் பார்த்துவிட்டு, இந்த வருடமே விண்ணப்பிப்பதா, ஒரு வருடம் தள்ளிப்போட்டு இன்னும் சில அறிவியல் பாடம் எடுப்பதா என்று அவன் முடிவெடுக்கட்டும்.

கேள்வி: போன வாரம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். ஒரு கோடைக்கால வகுப்பு எடுத்த கல்லூரியைப் போட மறந்துவிட்டேன் என்று இன்றுதான் தெரிந்தது. பதறுகிறது.

பதற வேண்டாம்மா, ஆனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே ஆம்காஸுக்கு எழுதி, விடுபட்ட கல்லூரியின் பெயர், காலம், பாடம் மூன்றையும் சொல்லி, எப்படிச் சேர்ப்பது என்று கேளுங்கள். அந்தக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டையும் உடனே அனுப்பச் சொல்லுங்கள். சரிபார்ப்பு முடிந்து கல்லூரிகளுக்குப் போய்விட்டது என்றால், ஒவ்வொரு கல்லூரிக்கும் இரண்டு மூன்று வரியில் நீங்களே மெயில் எழுதுங்கள். தானாக வந்து சொன்னவருக்கும் பிடிபட்டவருக்கும் வித்தியாசம் உண்டு, உங்கள் மெயிலின் தேதி அதைக் காட்டும்.

கேள்வி: பழைய கல்லூரிக்கு ஃபீஸ் பாக்கி இருக்கிறது. டிரான்ஸ்கிரிப்ட் தர மாட்டேன் என்கிறார்கள்.

அந்தக் கல்லூரியில் ஃபீஸ் வாங்கும் பர்சார் ஆபீஸில் தவணை கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். டிரான்ஸ்கிரிப்ட் வராமல் ஆம்காஸ் உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்க்கத் தொடங்காது. மே கடைசியில் விண்ணப்பங்கள் குவிய ஆரம்பித்தபின் வரிசையில் ஒவ்வொரு வாரமும் நஷ்டம், அதனால் பாக்கியை ஜனவரி, பிப்ரவரியிலேயே தீர்த்துவிட்டு டிரான்ஸ்கிரிப்டின் ஒரு பிரதியை உங்கள் கைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். பாட விவரத்தை டைப் செய்ய அது வேண்டும்.